கரண்ட் போன நேரத்துக் கணக்கு

2022 செப்டம்பரில் திருப்பதியில் ஒரு லித்தியம் செல் ஆலையின் முன்னோட்ட உற்பத்தி தொடங்கியது. சென்னையைச் சேர்ந்த முனோத் இண்டஸ்ட்ரீஸ் கட்டிய ஆலை அது. முதலீடு 165 கோடி ரூபாய். ஒரு நாளைக்கு 10 ஏஹெச் (ஆம்பியர்-மணி) அளவுள்ள 20,000 செல்களைச் செய்யலாம், பவர்பேங்குக்கு இந்தியா கேட்கும் செல்களில் 60 சதவீதத்தை இந்த ஒரு ஆலையே தரும் என்று அரசின் செய்திக்குறிப்பு சொன்னது. நாளொன்றுக்கு நிறுவுதிறன் 270 மெகாவாட்-மணி என்றும் அதே குறிப்பில் இருந்தது. செய்திகளிலும் அப்படியே வந்தது.

பெருக்கிப் பார்ப்போம். ஒரு லித்தியம் செல்லின் சராசரி அழுத்தம் 3.7 வோல்ட். 10 ஏஹெச்சை 3.7 ஆல் பெருக்கினால் 37 வாட்-மணி. 20,000 செல்லுக்கு 7,40,000 வாட்-மணி, அதாவது 740 யூனிட். இதை 365 நாளால் பெருக்கினால் 2,70,100 யூனிட். ஆக, 270 மெகாவாட்-மணி என்பது ஓர் ஆண்டின் கணக்கு. ஆண்டு இருக்க வேண்டிய இடத்தில் நாள் உட்கார்ந்துவிட்டது. 365 மடங்கு தவறு.

அரசுக் குறிப்பிலேயே இப்படி நேர்ந்தால், சித்தூர் பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கடையில் தொங்கும் பவர்பேங்க் பெட்டியை என்ன சொல்வது? எனவே இந்தக் கட்டுரை முழுவதும் ஒரே ஒரு பெருக்கல்தான். எம்ஏஹெச் என்றாலும் ஏஹெச் என்றாலும் வோல்ட்டால் பெருக்கி வாட்-மணி ஆக்கிக்கொள்ள வேண்டும். 1,000 வாட்-மணி ஒரு யூனிட். அதற்குப் பிறகு இன்வர்ட்டர், கைபேசி, லேப்டாப், ஃபேன் எல்லாம் ஒரே தராசில் வந்து உட்காரும். இங்கே சொல்லும் பொருள்களின் விலை தோராயம்தான், கடைக்குக் கடை மாறும். வாட் கணக்கு மாறாது.

பவர்பேங்கிலிருந்து தொடங்குகிறேன், ஏமாற்று அதிகம் நடப்பது அதில்தான். 10,000 எம்ஏஹெச் என்று முகப்பில் கொட்டை எழுத்தில் இருக்கும். உள்ளே இருப்பது 3.7 வோல்ட் செல், எனவே 37 வாட்-மணி. யுஎஸ்பி வழியாக வெளியே வருவதோ 5 வோல்ட். அழுத்தத்தை ஏற்றும்போது கொஞ்சம் சூடாகப் போய்விடும். கைக்குக் கிடைப்பது 30 வாட்-மணிக்குச் சற்று முன்பின். ஒழுங்கான நிறுவனங்கள் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் ‘ரேட்டட் கெபாசிட்டி’ என்று 6,000 எம்ஏஹெச்சை ஒட்டிய ஓர் எண்ணைப் போட்டிருப்பார்கள். அதுதான் உண்மை எண். அந்த வரியே இல்லாத பெட்டியைத் திருப்பி வைத்துவிடலாம்.

இன்னொரு சோதனைக்கு மூக்குக் கண்ணாடிகூட வேண்டாம், தராசு போதும். லித்தியம் செல் ஒரு கிராமுக்குக் கால் வாட்-மணியைத் தாங்கினால் அது நல்ல செல். 10,000 எம்ஏஹெச் பவர்பேங்க் பெரும்பாலும் 200 கிராமை ஒட்டி இருக்கும். 50,000 எம்ஏஹெச் என்று 600 ரூபாய்க்கு விற்பது உண்மையானால் அதற்குள் 185 வாட்-மணி இருக்க வேண்டும், எடை முக்கால் கிலோவைத் தாண்ட வேண்டும். ரேணிகுண்டா விமான நிலையத்தில் அதை உள்ளே விடவும் மாட்டார்கள். விமானத்தில் கைப்பையில் 100 வாட்-மணி வரை கேள்வி இல்லை, 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும், அதற்கு மேல் கிடையாது. சரக்குப் பெட்டியில் போடும் பைக்குள் எந்தப் பவர்பேங்கும் கூடாது. 20,000 எம்ஏஹெச் என்றால் 74 வாட்-மணி, தாராளமாகப் போகலாம். திருமலைக்கு நடந்து ஏறுகிறவர்களுக்கு அதுவும் அதிகம். அலிபிரி வழியில் 3,550 படி, ஸ்ரீவாரி மெட்டு வழியில் 2,388 படி. எந்த வழியில் ஏறினாலும் கோயிலுக்குள் கைபேசிக்கு அனுமதி இல்லை. ஒருவருக்கு 10,000 போதும், மீதி எடையைத் தண்ணீர் பாட்டிலுக்குக் கொடுங்கள்.

முனோத் கணக்குக்கு ஒரு நொடி திரும்பினால் ஒரு சுவையான எண் கிடைக்கிறது. 10 ஏஹெச் செல் ஒன்று என்றால் 10,000 எம்ஏஹெச் பவர்பேங்க் ஒன்று. நாளைக்கு 20,000 என்பது தேவையில் 60 சதவீதம் என்றால் மொத்தத் தேவை நாளைக்கு 33,000 சொச்சம், ஆண்டுக்கு ஏறக்குறைய 1 கோடியே 20 லட்சம் பவர்பேங்க். இந்தியாவின் கைபேசி எண்ணிக்கையோடு பார்த்தால் இது சிறிய எண்தான்.

அடுத்தது மின்கட்டணம். ஆந்திராவின் தெற்கு மின் விநியோக நிறுவனத்தின் தலைமையகமே திருப்பதியில்தான் இருக்கிறது. 2022-23இல் வந்த வீட்டுக் கட்டண அடுக்கு இப்படி: முதல் 30 யூனிட் 1 ரூபாய் 90 காசு, 75 வரை 3 ரூபாய், 125 வரை 4 ரூபாய் 50 காசு, 225 வரை 6 ரூபாய், 400 வரை 8 ரூபாய் 75 காசு, அதற்கு மேல் 9 ரூபாய் 75 காசு. நிலைக்கட்டணமும் எரிபொருள் சரிக்கட்டலும் தனி. மாதம் 120 யூனிட் எரிக்கும் வீட்டுக்கு மின்சாரத்தின் விலை மட்டும் 394 ரூபாய் 50 காசு. 210 யூனிட் எரித்தால் 927 ரூபாய். யூனிட் முக்கால் பங்கு கூடினால் பில் இரண்டே கால் மடங்கைத் தாண்டுகிறது. தமிழ்நாட்டின் காட்பாடியில் இருக்கும் சம்பந்தி வீட்டில் இரண்டு மாதத்துக்கு ஒரு பில், முதல் 100 யூனிட் இலவசம். எனவே அவர்கள் வீட்டில் லாபம் என்று சொன்ன கருவி நம் வீட்டிலும் அதே லாபம் தரும் என்று எண்ண வேண்டாம். ஒரு யூனிட் மிச்சத்தின் மதிப்பு, நீங்கள் எந்த அடுக்கில் நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

6 ரூபாய் அடுக்கில் நிற்கும் ஒரு வீட்டுக்கு ஆண்டுக் கணக்கு போட்டேன்:

கைபேசிக்குத் தினமும் ஒரு முழு சார்ஜ்: 9 யூனிட், 55 ரூபாய்
கைபேசி இல்லாமல் சுவரில் செருகியே கிடக்கும் சார்ஜர்: 1 யூனிட்டுக்கும் குறைவு, 5 ரூபாய்
ரவுட்டர், 7 வாட், 24 மணி நேரமும்: 61 யூனிட், 368 ரூபாய்
ரிமோட்டில் அணைத்த செட்டாப் பாக்ஸ், 10 வாட், நாளைக்கு 20 மணி நேரம்: 73 யூனிட், 438 ரூபாய்
சும்மா நிற்கும் இன்வர்ட்டர், 15 வாட்: 131 யூனிட், 788 ரூபாய்

சார்ஜரைப் பிடுங்கு என்று பிள்ளைகளைத் துரத்தும் வீடுகளுக்காகவே இரண்டாவது வரியைச் சேர்த்தேன். ஆண்டு முழுக்கத் துரத்தினாலும் மிச்சம் 5 ரூபாய். அதே கோபத்தை டிவி சுவிட்ச் மேல் காட்டினால் 438 ரூபாய். செட்டாப் பாக்ஸ்களில் பல, ரிமோட்டில் அணைத்த பிறகும் ஓடும்போது இழுக்கும் மின்சாரத்தில் பெரும்பகுதியை இழுத்துக்கொண்டே இருக்கும். நம்பாதவர்கள் 800 முதல் 1,000 ரூபாய்க்குக் கிடைக்கும் பிளக் வாட்மீட்டர் ஒன்றை வாங்கி, தெருவுக்கே சுற்றுக்கு விடலாம். அது வீட்டுக்கு ஒன்று தேவைப்படும் பொருள் அல்ல.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். கரண்ட் போன நேரம். 2022 ஏப்ரலில் ஆந்திராவில் தொழிற்சாலைகளுக்கு வாரம் ஒரு நாள் மின் விடுமுறை விட்டார்கள், வீடுகளுக்கும் வெட்டு விழுந்தது. அப்போது இன்வர்ட்டர் வாங்கிய வீடுகள் பல. இந்த மண்ணில் பேட்டரி விற்பதற்குத் தனி விளம்பரமும் தேவையில்லை. 1985இல் கல்லா ராமச்சந்திர நாயுடு தொடங்கிய அமர ராஜா பேட்டரி நிறுவனம் திருப்பதிக்குப் பக்கத்துக் கரகம்பாடியிலிருந்து வளர்ந்தது, 2000இல் வந்த அதன் அமரான் பேட்டரியின் பெயர் இன்று லாரி ஓட்டுநர் முதல் டீக்கடைக்காரர் வரை எல்லோர் வாயிலும் இருக்கிறது.

கடையில் பேச்சு எப்போதும் ஒன்றுதான்: “150 ஏஹெச் போட்டுடுங்க அண்ணா, அஞ்சு வருஷம் கவலையில்லை.” 150 ஏஹெச்சை 12 வோல்ட்டால் பெருக்கினால் 1,800 வாட்-மணி, அதாவது 1.8 யூனிட். ஆனால் அந்த 150 என்பது 20 மணி நேரத்தில் மெதுவாக, 7.5 ஆம்பியராக எடுத்தால் கிடைக்கும் அளவு. வீட்டில் நாம் எடுப்பது 25 ஆம்பியருக்கு மேல். அப்போது ஈய பேட்டரி அவ்வளவு தராது. ஒட்ட உறிஞ்சினாலும் ஆயுள் குறையும். இன்வர்ட்டர் தன் பங்குக்கு 15 முதல் 20 சதவீதத்தை எடுத்துக்கொள்ளும். நம்பிக் கணக்கில் எழுதக்கூடியது 1,100 வாட்-மணி.

மூன்று பழைய ஃபேன், ஒன்றுக்கு 75 வாட், மொத்தம் 225. நான்கு எல்இடி பல்பு 36. ரவுட்டர் 7. டிவி 50. கூட்டினால் 318 வாட். 1,100ஐ 318ஆல் வகுத்தால் மூன்றரை மணி நேரம். இது போதவில்லை என்று சொன்னால் கடைக்காரர் இரண்டாவது பேட்டரியைக் காட்டுவார். அதற்கு 15,000 ரூபாய்க்குக் குறையாது, பெரும்பாலும் இன்வர்ட்டரையும் 24 வோல்ட்டுக்கு மாற்ற வேண்டிவரும். மூன்று ஃபேனையும் பிஎல்டிசி ஃபேனாக மாற்றினால் ஒன்றுக்கு 30 வாட். மொத்தச் சுமை 183 வாட்டுக்கு இறங்கும். அதே பேட்டரி ஆறு மணி நேரம் ஓடும். செலவு 9,000 ரூபாய். இதில் என் தீர்ப்பு தெளிவானது: ஏஹெச்சை ஏற்றுவதைவிட வாட்டை இறக்குவது மலிவு. பேட்டரி கரண்ட் போனால்தான் உழைக்கும், ஃபேன் எல்லா நாளும் உழைக்கும்.

எல்லா நாளும் என்றால் எவ்வளவு? ஒரு ஃபேனில் மிச்சம் 45 வாட். தினம் 15 மணி நேரம் ஓடினால் மாதம் 20 யூனிட். 6 ரூபாய் அடுக்கில் 121 ரூபாய். 3,000 ரூபாய் ஃபேன் இரண்டு ஆண்டில் தன் விலையைத் திருப்பிவிடும். 3 ரூபாய் அடுக்கில் நிற்கும் சின்ன வீட்டுக்கு நான்கு ஆண்டு ஆகும். அந்த வீட்டில் கரண்ட்டும் அடிக்கடி போகாதென்றால், பழைய ஃபேன் கெட்டுப்போகும்வரை காத்திருப்பதே கணக்கு.

பேட்டரிக்குள் தேக்கிவைத்த மின்சாரம் எவ்வளவு விலை என்பதை யாரும் கேட்பதில்லை. வாரம் ஒரு முறை முழுக்கத் தீரும் அளவுக்குக் கரண்ட் போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஐந்து ஆண்டில் 260 முறை. ஒவ்வொரு முறையும் 1.1 யூனிட், மொத்தம் 286 யூனிட். பேட்டரி விலை 16,000 என்றால் யூனிட் 56 ரூபாய். கம்பியில் வரும் யூனிட்டைப் போல ஒன்பது மடங்கு. அந்த இருட்டில் இருமும் தாத்தாவுக்கும் பரீட்சைக்குப் படிக்கும் பெண்ணுக்கும் 56 ரூபாய் கொடுக்கலாம், தப்பில்லை. இந்தக் கணக்கை இன்வர்ட்டர் லைனில் ஃப்ரிட்ஜையும் சேர்த்துவிடுகிறவர்களுக்காகச் சொல்கிறேன்.

வீட்டில் இன்டர்நெட் மட்டும் அறுந்துபோகக் கூடாது என்றால் இன்வர்ட்டரே வேண்டாம். 2017இல் மாதம் 149 ரூபாய்க்கு ஆந்திர ஃபைபர்நெட் வந்தபிறகு கிராமத்து வீடுகளிலும் ரவுட்டர் வந்துவிட்டது. அதற்கென்று விற்கும் மினி யுபிஎஸ் 1,300 ரூபாய்க்குக் கிடைக்கும். 8,000 எம்ஏஹெச் என்று போட்டிருந்தால் 29.6 வாட்-மணி. கழிவு போக 25. ஏழு வாட் ரவுட்டருக்கு மூன்றரை மணி நேரம். வாங்கும்முன் உங்கள் ரவுட்டர் அடாப்டரில் 12 வோல்ட் என்று இருக்கிறதா, 9 வோல்ட்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இதையே பழைய லேப்டாப் பேட்டரியைப் பிரித்து வீட்டில் செய்யலாமா என்று கேட்கும் இளைஞர்கள் உண்டு. செய்யலாம், கணக்கு இதோ. ஆறு செல் பேட்டரியில் ஒன்றுக்கு 2,200 எம்ஏஹெச், புதிதில் மொத்தம் 49 வாட்-மணி. பேட்டரி ‘செத்துப்போனது’ என்று தூக்கிப்போடும்போது பெரும்பாலும் ஒரு ஜோடி செல்தான் செத்திருக்கும். மற்றவை 1,500, 1,600 தரும். மல்டிமீட்டரில் 2 வோல்ட்டுக்குக் கீழே காட்டும் செல்லை உயிர்ப்பிக்க முயலவே கூடாது. மீதியை முழுக்க சார்ஜ் செய்து ஒரு வாரம் சும்மா வைத்தால், 4 வோல்ட்டுக்குக் கீழே தானாக இறங்கிவிட்ட செல்லும் கழிவுதான். தேறிய மூன்றை வரிசையில் இணைத்தால் 11.1 வோல்ட், 17 வாட்-மணி, ரவுட்டருக்கு இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூட. பாதுகாப்பு போர்டு, ஹோல்டர், 12.6 வோல்ட் சார்ஜர், வோல்ட்டை நிலைப்படுத்தும் போர்டு எல்லாம் சேர்ந்து 600 ரூபாய் தாண்டும். உள்ளூரில் கிடைக்காமல், ரயில் ஏறிச் சென்னை ரிச்சி தெருவுக்குப் போனால் டிக்கெட்டும் சாப்பாடும் சேர்ந்து மிச்சத்தைத் தின்றுவிடும். ரவுட்டருக்குக் கடைச் சாமானே மேல். பழைய செல்லை ஒரு எமர்ஜென்சி விளக்குக்கு வையுங்கள். 3 வாட் எல்இடியை 17 வாட்-மணி ஐந்து மணி நேரம் எரிக்கும், வோல்ட் கொஞ்சம் ஏறி இறங்கினாலும் விளக்கு கோபித்துக்கொள்ளாது. செல் மேல் நேராகப் பற்றவைக்காதீர்கள், படுக்கைக்குப் பக்கத்தில் இரவு முழுக்கச் சார்ஜில் போடாதீர்கள்.

புது செல் வாங்குகிறவர்களுக்கு மறுபடியும் தராசு. 18650 என்ற அந்த உருளைச் செல்லில் நல்லவை 3,500 எம்ஏஹெச் சுற்றிலேயே நின்றுவிடும், எடை 45 கிராமுக்கு மேல். 9,900 எம்ஏஹெச் என்று அச்சிட்டு 70 ரூபாய்க்கு விற்பது 30 சொச்சம் கிராம்தான் இருக்கும். பூக்கடைத் தராசே காட்டிக்கொடுத்துவிடும்.

பேட்டரியைக் கொல்வதில் சார்ஜரைவிட நம் ஊர் வெயிலுக்குப் பங்கு அதிகம். மே மாதத்தில் திருப்பதி 40 டிகிரியைத் தாண்டுவது செய்தியே இல்லை. மின்கலத் துறையில் எல்லோரும் எடுத்தாளும் ஓர் அட்டவணை உண்டு. லித்தியம் செல்லை 25 டிகிரியில், 40 சதவீத சார்ஜில் ஓர் ஆண்டு வைத்தால் 96 சதவீத கொள்ளளவு மிஞ்சும். முழு சார்ஜில் வைத்தால் 80. வெப்பம் 40 டிகிரி என்றால் அதே 40 சதவீத சார்ஜில் 85, முழு சார்ஜில் 65. அதாவது வெயிலும் முழு சார்ஜும் சேர்ந்தால், தொடாமலே ஓர் ஆண்டில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். மேசையில் எப்போதும் சார்ஜரோடு கிடக்கும் லேப்டாப்பின் நிலை இதுதான்.

மருந்து மென்பொருளில் இருக்கிறது, செலவு ஒரு பைசா இல்லை. பெரும்பாலான லேப்டாப் நிறுவனங்கள் தரும் செயலியில் சார்ஜை 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதி உண்டு. சாம்சங், கூகுள் பிக்சல் கைபேசிகளில் பலவற்றிலும் ஐஃபோன் 15 முதல் வந்த மாதிரிகளிலும் அமைப்புகள் பகுதியில் பேட்டரிக்குள் போனால் இருக்கும். ஐஃபோன் 14 வரை 500 சார்ஜ் சுற்றுக்குப் பிறகு 80 சதவீதம் மிஞ்சும் என்று சொன்ன ஆப்பிள், 15க்கு 1,000 சுற்று என்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூன் முதல் குறைந்தது 800 சுற்று என்று விதியே போட்டுவிட்டது. புதுக் கைபேசி வாங்கும்போது கேமராவுக்கு எத்தனை மெகாபிக்சல் என்பதோடு இதையும் கேட்கலாம்.

உங்கள் விண்டோஸ் லேப்டாப் எந்த நிலையில் இருக்கிறது என்று அறிய கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து, ‘பவர்’ என்பதோடு சி, எஃப், ஜி என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை ஒட்டி, ஓர் இடம் விட்டு, சாய்கோடு போட்டு ‘பேட்டரி ரிப்போர்ட்’ என்பதை ஆங்கிலத்தில் சேர்த்தே தட்டுங்கள். ஓர் அறிக்கை கிடைக்கும். அதில் ‘டிசைன் கெபாசிட்டி’ 41,000 என்றும் ‘ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி’ 26,500 என்றும் இருந்தால் 65 சதவீதம்தான் மிச்சம். இந்த அறிக்கை மில்லிவாட்-மணியில் பேசுகிறது என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். பழைய லேப்டாப் விற்க வருகிறவரிடம் இந்த அறிக்கையை முதலில் கேளுங்கள், பிறகு விலை பேசுங்கள்.

கணக்கில் வரவுப் பக்கம் ஒன்று பாக்கி. செத்த ஈய பேட்டரிக்கு விலை உண்டு. 150 ஏஹெச் டியூபுலர் ஒன்று 50 கிலோவுக்கு மேல் கனக்கும், அதிலுள்ள ஈயத்துக்காகப் புது பேட்டரியில் கணிசமாகக் கழித்துக்கொள்வார்கள். அந்த ஈயம் உருகி மறுபடி பேட்டரி ஆகிறது. அமர ராஜா நிறுவனமே செய்யாறில் ஆண்டுக்கு 1,50,000 டன் திறனை இலக்காக வைத்து மறுசுழற்சி ஆலை அமைத்திருக்கிறது. லித்தியத்தில் பெரிய பந்தயத்தை மட்டும் அது தெலங்கானாவின் மகபூப்நகரில் வைத்தது: 2022 டிசம்பரில் 9,500 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம், செல் உற்பத்தி இலக்கு ஆண்டுக்கு 16 ஜிகாவாட்-மணி. முனோத் சொன்ன அளவைப் போல 59 மடங்கு. சித்தூர்க்காரர்களுக்கு இதில் கொஞ்சம் மனத்தாங்கல் இருந்தால் நியாயம்தான்.

செத்த லித்தியத்துக்குக் காயலான் கடையில் காசு கிடைப்பது அரிது. அதனால்தான் அது குப்பைத் தொட்டிக்குப் போகிறது. குப்பை லாரியில் நசுங்கும் ஒரு செல் லாரியையே கொளுத்தப் போதும். 2022 ஆகஸ்டில் வந்த மின்கலக் கழிவு விதிகளின்படி, விற்ற பேட்டரியைத் திரும்பச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்புவது தயாரிப்பாளரின் பொறுப்பு. உப்பிய கைபேசி பேட்டரி, ஓய்ந்த பவர்பேங்க், பிரித்துப்போட்ட லேப்டாப் செல் வீட்டில் இருந்தால் முனைகளில் டேப் ஒட்டி, அந்த நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில் கொடுத்துவிடுங்கள். வாங்க மறுத்தால், விதி இருக்கிறது என்று சொல்லிக் கேளுங்கள்.